எங்கே எங்கள் பெரியவர்? – முதியோர் இல்லக் கொடுமைகளும் சட்டத்தின் கதவுகளும்

(வெதுருகுப்பம் மண்டலத் தோழர்களுக்கான சட்ட வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023 பிப்ரவரி 10 அன்று, விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்திற்குள் அதிகாரிகளும் காவல்துறையினரும் சோதனைக்காக நுழைந்தனர். முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், ஆதரவற்றோர் என 140க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டனர். பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடித்து உதைத்தது, பாலியல் வன்கொடுமை, கூண்டுக் குரங்கை ஏவிக் கடிக்க விட்டது என்று வந்த குற்றச்சாட்டுகளைக் கேட்டுத் தமிழ்நாடு அதிர்ந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. குற்றச்சாட்டுகளை மெய்ப்பிப்பது நீதிமன்றத்தின் வேலை. இங்கே பேச வேண்டியது, அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பது.

திறந்தது எந்த அதிகாரியின் ஆய்வாலும் அல்ல. அந்த ஆசிரமத்தில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் வந்தார். முதியவர் பெங்களூருவில் வேறொரு இல்லத்திற்கு மாற்றப்பட்டுவிட்டார் என்று பதில் கிடைத்தது. அங்கும் தேடினார்; முதியவர் இல்லை. காவல்துறையில் புகார் கொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கலாயிற்று. அதன் பிறகுதான் சோதனை நடந்தது. ஆசிரமமோ பல ஆண்டுகளாக, முறையான உரிமம் இல்லாமல், ஊரறிய இயங்கிவந்தது. ஆட்சியர் அலுவலகம் இருந்தது, சமூகநலத் துறை இருந்தது, காவல் நிலையம் இருந்தது. "எங்கள் பெரியவர் எங்கே?" என்று விடாமல் கேட்க ஒருவர் வரும்வரை இவற்றில் எதுவும் அசையவில்லை. உள்ளே கிடப்பவர் வெளியே வந்து மனு எழுத முடியாது. முதியோர் இல்லங்களைப் பொறுத்தவரை சட்டத்தின் முதல் சிக்கலே அதுதான்.

விழுப்புரத்துச் செய்திக்கும் மூங்கிலின் பெயரைத் தாங்கிய இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மாந்தோப்புக் கூலியும் ஒன்றிரண்டு கறவை மாடுகளும் குடும்பத்தைத் தாங்காத நிலையில், இளைஞர்கள் திருப்பதிக்கும் ஸ்ரீசிட்டிக்கும் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் போகிறார்கள். ஊரில் மிஞ்சுவது கிழவனும் கிழவியும். ஒருவர் இறந்து மற்றவர் படுக்கையில் விழும்போது குடும்பம் ஏதாவது ஒரு இல்லத்தைத் தேடுகிறது. நன்றிகெட்ட பிள்ளைகள் என்று மேடையேறி வசைபாடுவது எளிது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி, ஒற்றை அறை வாடகை வீட்டில், படுத்த படுக்கையான தாயை எங்கே வைப்பான்? முதியோரைப் பார்க்கும் பாரம் இதுகாறும் வீட்டுப் பெண்களின் கூலியில்லாத உழைப்பின் மீதே நின்றது. அந்தப் பெண்களும் வேலைக்குப் போகும் காலத்தில் அரசு அந்தப் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். ஏற்கவில்லை. அந்த இடைவெளியில்தான் நல்லவரும் வருகிறார், வியாபாரியும் வருகிறார்.

சொல் குறித்து ஒரு தெளிவு தேவை. நம் ஊர்ப் பேச்சில் 'நர்சிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. மேலை நாடுகளில் அதே சொல், படுக்கையில் கிடக்கும் முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லத்தைக் குறிக்கும். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. முதியோர் இல்லம், ஆசிரமம், கருணை இல்லம் என்று பெயர்ப் பலகையில் எது எழுதியிருந்தாலும் சரி.

எதைப் பார்க்க வேண்டும்

அடித்த தழும்பைத் தேடுவதிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். இல்லங்களில் நடக்கும் கொடுமையில் பெரும்பகுதி அடி அல்ல, புறக்கணிப்பு. அதற்கு மிகத் தெளிவான சாட்சி படுக்கைப்புண். எழுந்து புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பெலும்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் தோல் முதலில் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழியாகும். முற்றினால் எலும்பே தெரியும். அறைக்குள் நுழைந்ததும் வரும் வாடை சில நேரம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். போர்வையை விலக்கிப் பார்க்கக் கூச்சப்படக் கூடாது. மகனோ மகளோ பார்ப்பதைத் தடுக்கும் நிர்வாகி எதையோ மறைக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. சில வாரங்களில் ஆடை தொளதொளக்கும் அளவுக்கு இளைப்பு. வறண்ட நாக்கு. பகல் முழுதும் விழிக்காத மயக்கம்; தொந்தரவில்லாமல் இருக்கத் தூக்க மருந்து கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கட்டிவைத்த தடம். நிர்வாகி பக்கத்தில் நின்றால் பேச்சு நின்றுபோவது. முன்பு தொலைபேசியில் பேசியவர் "தூங்குகிறார், குளிக்கிறார்" என்ற பதிலாக மாறிப்போவது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை எல்லாம் இல்லத்தின் அலமாரியில் இருப்பது. வெற்றுத் தாளில் கைநாட்டு. குடும்பத்துக்குச் சொல்லாமல் வேறு இல்லத்துக்கு மாற்றுவது. எல்லையோர மக்களுக்கு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: தெலுங்கோ கன்னடமோ மட்டும் பேசும் பணியாளர்களிடையே தமிழ் மட்டும் தெரிந்த கிழவி, தண்ணீர் கேட்பதற்குக்கூடச் சொல் இல்லாமல் கிடப்பாள். அடிக்காமலே வதைக்க முடியும்.

இதில் நிதானமும் தேவை. முதியவரின் தோல் காகிதம் போன்றது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாகத் தொட்டாலும் நீலம் கன்றும். மரணத் தறுவாயில் உள்ள நோயாளிக்கு எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் புண் வருவதுண்டு. எனவே பார்த்தவுடன் கூச்சலிடாமல், தேதி தெரியும்படி படம் எடுப்பது, என்ன பார்த்தோம் என்பதை அன்றே எழுதி வைப்பது, உடனே அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்வது என்ற வரிசை முக்கியம். திருப்பதி ரூயா மருத்துவமனையோ சித்தூர் அரசு மருத்துவமனையோ, அங்கே மருத்துவச் சட்ட வழக்காகப் பதியச் சொல்லிக் கேட்க வேண்டும். புண்ணின் இடம், அளவு, ஆழம், எத்தனை நாள் பழையது என்ற மருத்துவரின் நான்கு வரி, பிறகு நீதிமன்றத்தில் நாற்பது பக்க மனுவைவிட வலுவானது.

ஆயாவா, முதலாளியா

கோபம் முதலில் யார் மீது பாய்கிறது? பக்கத்தில் நிற்கும் ஆயாவின் மீது. காவல்துறைக்கும் கைது செய்ய எளிதானவர் அவரே. இரவு முழுவதும் முப்பது பேருக்கு ஒரே ஒரு பெண்ணை நிறுத்தினால், இரண்டு மணிக்கு ஒரு முறை யாரைப் புரட்டிப் போடுவாள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் முப்பது பேருக்கு ஐந்து மணி நேரம். புண் வருவது அவள் கைகளால் அல்ல, அவளுக்குத் துணையாள் வைக்காத சம்பளப் பட்டியலால்.

இது ஏழை நாட்டின் குறைபாடு என்று எண்ண வேண்டாம். பிரான்சில் ஓர்பியா என்ற பெரும் நிறுவனம் ஆயிரக்கணக்கான யூரோ மாதக் கட்டணம் வாங்கி முதியோர் இல்லங்களை நடத்தியது. 2022 ஜனவரியில் விக்டர் கஸ்தானே என்ற பத்திரிகையாளரின் புத்தகம் வெளிவந்தது. செலவைக் குறைக்க முதியோரின் உணவையும் உறிஞ்சு துணிகளையும் எண்ணி அளந்து கொடுத்ததாக அதில் எழுதினார். நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. கடனில் மூழ்கிய அந்த நிறுவனத்தை 2023இல் பிரெஞ்சு அரசு நிதி நிறுவனம் தலைமையிலான குழு கைக்கொண்டது. லாபம் தனியாருக்கு, மீட்பு பொதுப் பணத்தில்.

நமது சட்டத்தில் இது தொடர்பான ஒரு பழைய பிரிவின் வரலாறு சுவையானது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 490, 491, 492 என்று மூன்று பிரிவுகள் இருந்தன. ஒப்பந்தப்படி வேலை செய்யாத பணியாளைச் சிறைக்கு அனுப்பும் காலனியப் பிரிவுகள் அவை. தொழிலாளர்களை விலங்கிட்ட 490, 492 இரண்டும் 1925இல் நீக்கப்பட்டன. 491 மட்டும் தங்கியது: இளவயது, சித்தக் கோளாறு, நோய், உடல் தளர்ச்சி ஆகியவற்றால் ஆதரவற்ற நிலையில் உள்ளவரைக் கவனித்துக்கொள்ள ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் குற்றம். அன்று அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 357ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்பத்திடம் பணம் வாங்கி ரசீது கொடுத்து ஒப்பந்தம் செய்தவர் யார்? ஆயா அல்ல, நிர்வாகம். புகாரில் இதைத் தெளிவாக எழுத வேண்டும். ஆகவேதான் சேர்க்கும் நாளிலேயே ரசீதும், என்னென்ன கவனிப்பு தருவோம் என்ற எழுத்தும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கருணை இல்லத்தில் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 112, அல்லது 108. மற்ற எல்லாம் அப்புறம்.

காவல் நிலையத்தில், அடித்ததற்குக் காயப் பிரிவுகள் உண்டு. வெளியே விடாமல் பூட்டி வைத்தால் அது சட்டவிரோத அடைப்பு, 127ஆம் பிரிவு. பத்து நாளோ அதற்கு மேலோ அடைத்து வைத்திருந்தால் தண்டனை ஐந்து ஆண்டு வரை. "நல்லதுக்குத்தான் பூட்டினோம்" என்பது மட்டும் விடையாகாது. 'இது எங்கள் எல்லை அல்ல' என்று நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி, படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் பதில் இல்லையெனில் குற்றவியல் நடுவர்.

எல்லைச் சிக்கல் இந்த மண்டலத்துக்கு வேறெங்கும் இல்லாத அளவுக்கு உண்டு. 2022 ஏப்ரல் 4 அன்று மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின், வெதுருகுப்பம் சித்தூர் மாவட்டத்தில். அன்றாடம் பேருந்தேறிப் போகும் திருப்பதி வேறு மாவட்டம், வேறு ஆட்சியர், வேறு எஸ்.பி. வேலூரும் சென்னையும் வேறு மாநிலம். விழுப்புரம் வழக்கிலும் ஆட்கள் மாநில எல்லை தாண்டி மாற்றப்பட்டதாகவே குற்றச்சாட்டு. ஆள் எங்கே என்றே தெரியாதபோது ஆட்கொணர்வு மனு ஒன்றே வழி. அதை அரசமைப்பின் 226ஆவது பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளியான முதியவர் என்றால் இன்னும் அருகிலேயே ஒரு கதவு இருக்கிறது; பெரும்பாலோர் அதைத் தட்டுவதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, கொடுமை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. மண்டலத் தாசில்தாரே நிர்வாக நடுவர். கட்சிக் கிளைச் செயலாளர் கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்து ஒப்புகை வாங்க முடியும்.

மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருக்கும் இல்லத்துக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் பொருந்தும். பதிவு கட்டாயம், எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் 2001 ஆகஸ்ட் 6 இருக்கிறது. ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டுண்ட 28 பேர் ஓட முடியாமல் எரிந்து மாண்டனர்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் எல்லோரும் கேள்விப்பட்டது. ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதன் தீர்ப்பாயம், அதாவது நடைமுறையில் ஆர்.டி.ஓ., பிள்ளைகளிடமிருந்தும் சொத்துக்கு உரியவராகும் உறவினரிடமிருந்தும் பராமரிப்புத் தொகை வாங்கித் தரும். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். முதியவர் வசிக்கும் இடம், கடைசியாக வசித்த இடம், பிள்ளை வசிக்கும் இடம் ஆகிய எங்கும் மனுச் செய்யலாம். எனவே பெங்களூருவில் மகன் இருந்தாலும் மனுவை இங்கேயே கொடுக்க முடியும். கைநாட்டு வாங்கி நிலத்தை மாற்றிக்கொண்டு பிறகு கைவிட்டால் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்சநீதிமன்றம் முதியோருக்குச் சாதகமாக இதைத் தாராளமாகவே வாசித்தது. ஆயினும் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. அந்த வரி இல்லாததால் தோற்ற வழக்கும் உண்டு. கைவிடுதலைத் தண்டிக்கும் 24ஆம் பிரிவு பிள்ளைகளை மட்டும் சொல்லவில்லை. மூத்த குடிமகனின் பராமரிப்பையோ பாதுகாப்பையோ பொறுப்பேற்ற எவரும் அவரை முற்றிலும் கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுச் சென்றால் பொருந்தும். நோயாளியைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டுப் போகும் இல்ல நிர்வாகியும் இதற்குள் வருவார்.

இல்லம் எப்படி நடக்க வேண்டும், யார் ஆய்வு செய்வது, தவறினால் என்ன தண்டனை என்பதற்கு அந்தச் சட்டத்தில் பல் இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, பராமரிப்பு இல்லங்களுக்குப் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கப் பார்த்தது. நிலைக்குழுவுக்குப் போனது, 17ஆவது மக்களவையோடு 2024இல் காலாவதியானது. தொழிலாளர் சட்டங்களைத் தொகுப்புகளாக்க அவசரம் காட்டிய ஒன்றிய அரசுக்கு, இதற்கு ஐந்து ஆண்டு போதவில்லை. அதே 2007 சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லம், 150 பேருக்கு இடம் என்று பேசுகிறது. ஆனால் வினைச்சொல் 'நிறுவலாம்'. 'நிறுவ வேண்டும்' அல்ல. அந்த ஒரு விகுதிக்குள் எத்தனை அரசுகள் ஒளிந்துகொண்டன! 2018 டிசம்பர் 13 அன்று அசுவனி குமார் வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள இல்லங்களின் விவரத்தைத் திரட்டச் சொல்லி உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த விவரத்தை நாமும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள், மூத்த குடிமக்கள் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: பதிவு பெற்ற இல்லங்கள் எவை, கடைசி ஆய்வு எப்போது, அறிக்கையின் நகல். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்பதை மனுவின் தலைப்பிலேயே சுட்டிக் காட்டலாம்.

கட்டணம் வாங்கும் இல்லம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100இல் அழைக்கலாம். பெண்களுக்கும் தலித், பழங்குடி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567.

கிளைத் தோழர்கள் செய்யக்கூடிய வேலை எளிமையானது. மாதம் முதல் தேதி முதியோர் ஓய்வூதியம் 4,000 ரூபாய் வீடு தேடி வருகிறது. (இதில் ஒன்றிய அரசின் பங்கு 80 வயதுக்கு உட்பட்டவருக்கு வெறும் 200 ரூபாய் என்பதை மறந்துவிடக் கூடாது.) அன்று வீட்டில் இல்லாத பெரியவர் யார், எங்கே போனார், எந்த இல்லம், கடைசியாக அவரைக் கண்ணால் பார்த்தவர் யார் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும். பிறகு மாதம் ஒரு முறை, சொல்லாமல், வேறு வேறு நேரத்தில் இருவர் போய்ப் பார்த்துவர வேண்டும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கிழவிகள் அவரிடம்தான் பேசுவார்கள்.

இறந்த பிறகும்

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில், ஒரு கருணை இல்லத்தின் வண்டியைப் பொதுமக்கள் மறித்தனர். உள்ளே காய்கறி மூட்டை, உயிரோடு இருந்த முதியோர், கூடவே ஒரு சடலம். இல்லத்தில் இறந்தவர்களின் உடல்கள் கான்கிரீட் அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது. எலும்பு வியாபாரம் என்ற வதந்தி நாளிதழ்களை நிரப்பியது. அந்தப் பரபரப்பில், இல்லத்தின் உரிமம் 2017லேயே காலாவதியாகியிருந்தது என்ற ஆதாரமான கேள்வி பின்னுக்குப் போயிற்று. இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள், யார் சான்று கொடுத்தது, யாருக்குத் தகவல் சொன்னார்கள் என்பதெல்லாம்தான் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

இல்லத்திலிருந்து "பெரியவர் தவறிவிட்டார், நாங்களே அடக்கம் செய்துவிடுகிறோம்" என்று தொலைபேசி வந்தால், அடக்கத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். உடலில் புண்ணோ காயமோ இருந்தால், மரணத்தில் சந்தேகம் இருந்தால், காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து 194ஆம் பிரிவின்படி மரண விசாரணையும் உடற்கூறாய்வும் கேட்க வேண்டும். சாதி வழக்கப்படி உடனே எடுத்துவிட வேண்டும் என்று உறவினர்களிடமிருந்தே அழுத்தம் வரும். ஒரு நாள் பொறுக்கும்படி அவர்களிடம் பேசுவதும் தோழர்களின் வேலைதான். எரித்துவிட்டால் படுக்கைப்புண்ணின் ஆழத்தை எந்த மருத்துவரும் அளக்க முடியாது. உடற்கூறாய்வு அறிக்கையின் நகல், இல்லத்தின் வருகைப் பதிவேடு, கடைசி மாத மருந்துச் சீட்டுகள், பெரியவரின் ஆதாரும் வங்கிப் புத்தகமும் ஆகிய இவற்றை அன்றே கேட்டு வாங்க வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால் அலமாரி காலியாக இருக்கும்.